சாடியில் வருடக்கணக்கில் நிற்கும் பூச்செடிகள்: மே மழையைத் தாண்டுவது எப்படி?

ஹட்டனுக்குப் பக்கத்தில் இருக்கும் டிக்கோயாவில் இருந்து ஒரு தங்கச்சி கேட்ட கேள்வி இது. வீட்டு வாசலில் மண் இல்லை, சீமெந்துத் தரை மட்டும்தான். ஒவ்வொரு வருடமும் ஏப்ரல் சீசனுக்கு நுவரெலியா போகும்போது ஹைட்ரேஞ்சியா, ஜெரேனியம், ஃபியூசியா என்று நாலைந்து சாடி வாங்கி வருகிறார். ஆகஸ்ட் முடிவதற்குள் ஒன்றுகூட மிஞ்சுவதில்லை. "பல்லாண்டுச் செடி என்றுதான் சொல்லி விற்கிறார்கள். எனக்கு நாலு மாதம்கூட நிற்கவில்லை. என் கைராசி சரியில்லையா? சாடியிலேயே வருடக்கணக்கில் நிற்கிற பூச்செடி எது, அதை எப்படி வைத்திருப்பது?"

கைராசியை விடுங்கள் தங்கச்சி. நீங்கள் வாங்குகிற மாதத்தைப் பாருங்கள். சீசனுக்கு விற்கிற செடி பெரும்பாலும் பொலித்தீன் கூடாரத்துக்குள், மழையே படாமல், தும்புத்தூளில் வளர்ந்தது. ஏப்ரலில் பூ நிறைய இருக்கவேண்டும் என்று பசளை கொடுத்துத் தயார் செய்தது. அதை நீங்கள் வாங்கி வந்து மூன்று நாலு வாரத்தில் டிக்கோயாவில் தென்மேல் பருவமழை பிடித்துவிடும். அப்புறம் செப்டெம்பர் வரைக்கும் சாடி மண் காயவே காயாது. மண்ணில் காற்று நிற்கவேண்டிய இடமெல்லாம் தண்ணீர் நிற்கிறது. வேர் மூச்சுவிட முடியாமல் அழுகுகிறது. அழுகிய வேர் தண்ணீர் எடுக்காது, அதனால் மேலே இலை வாடுகிறது. வாடுகிறதே என்று நாம் இன்னும் தண்ணீர் ஊற்றுகிறோம், இல்லையென்றால் ஒரு கைப்பிடி பசளை போடுகிறோம். நீங்கள் மட்டுமல்ல, தேயிலை நர்சரியில் இருபத்தைந்து வருடம் நின்ற நானும் வீட்டுச் சாடிகளில் இதையே செய்து நிறையச் செடியைக் கொன்றிருக்கிறேன்.

ஆகவே முதல் மாற்றம்: செடியைச் செப்டெம்பர் கடைசியில் வாங்குங்கள். ஒக்டோபர், நவம்பரில் பின்னேரம் இடியோடு மழை வரும், ஆனால் காலையில் வெயில் இருக்கும். டிசம்பரில் இருந்து மார்ச் வரைக்கும் உங்கள் பக்கம் நல்ல வெயிலும் குளிர்ந்த இரவும். அந்த ஐந்தாறு மாதத்தில் வேர் சாடி முழுக்க ஓடிவிடும். வேர் நிறைந்த சாடி மழையைத் தாங்கும், ஏனென்றால் அந்த வேர்களே தண்ணீரைக் குடித்துத் தீர்க்கும். வேர் பிடிக்காத செடி சேற்றில் நட்ட குச்சி மாதிரித்தான்.

இதை எல்லா ஊருக்கும் பொதுவாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மலையகம் என்று ஒரே வார்த்தையில் சொல்கிறோமே தவிர, மலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இரண்டு வேறு நாடு. ஹட்டனும் பண்டாரவளையும் கிட்டத்தட்ட ஒரே உயரம், இரண்டும் 1,200 மீற்றரைத் தாண்டியவை. ஆனால் ஜூலையில் வட்டவளையிலும் ஹட்டனிலும் குடையை மடக்க முடியாது. அதே ஜூலையில் பண்டாரவளையில் வறண்ட காற்று அடித்துச் சாடி மண் மத்தியானத்துக்குள் தூளாகிவிடும். நம் ஆட்களுக்கு இதை ஞாபகம் வைக்கத் தேயிலையே போதும். ஹட்டன் இருக்கும் டிம்புள்ளப் பக்கத்துத் தேயிலைக்கு நல்ல வாசம் வருவது ஜனவரியில் இருந்து மார்ச் வரைக்கும், பண்டாரவளை இருக்கும் ஊவாத் தேயிலைக்கு ஜூலையில் இருந்து செப்டெம்பர் வரைக்கும். வறண்ட காற்று வீசும் காலத்தில்தான் அந்த வாசம் ஏறும். தொழிற்சாலையில் நல்ல தூள் இறங்குகிற மாதங்கள்தான் உங்கள் சாடிக்கு நீங்கள் வாளி தூக்கவேண்டிய மாதங்கள். மற்ற மாதங்களில் தண்ணீரைப் பற்றி அல்ல, வடிகாலைப் பற்றி யோசியுங்கள். ஊவாப் பக்கம் இருப்பவர்களுக்கு அடைமழை வடகீழ் பருவத்தில், வருடக் கடைசியில் வரும். அவர்கள் நான் சொல்லும் மாதங்களை அதற்கேற்பத் திருப்பிக்கொள்ள வேண்டும்.

சரி, சாடிக்கு வருவோம். உங்கள் கேள்வியில் "சீமெந்துத் தரை" என்ற சொல்லைப் பார்த்ததுமே எனக்குப் பாதி விடை தெரிந்துவிட்டது. சாடியின் ஓட்டை அடியில் இருக்கிறது. மட்டமான தரையில் வைத்தால் அந்த ஓட்டையைத் தரையே மூடிவிடும். அதற்குமேல் தகரக் கூரை விளிம்பில் இருந்து விழுகிற தண்ணீர் நேராகச் சாடிக்குள் விழுந்தால், அது சாடி இல்லை, வாளி. எல்லாச் சாடியையும் இரண்டு செங்கல் மேல் தூக்கி வையுங்கள், கூரைத் தண்ணீர் விழும் கோட்டில் இருந்து ஒரு அடி உள்ளே தள்ளுங்கள். செலவே இல்லாத வேலை. வேறு எதையும் மாற்றாமல் இதை மட்டும் செய்தாலே பாதிச் செடி தப்பும். சாடிக்குக் கீழே தட்டு வைக்கும் பழக்கம் இருந்தால் மழைக்காலத்தில் எடுத்துவிடுங்கள். தட்டில் நிற்கும் தண்ணீரில் டெங்கு நுளம்பு முட்டையிடும், பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்து பார்த்தால் வீட்டுக்காரர்தான் பதில் சொல்ல வேண்டும்.

வடிகாலுக்காகச் சாடியின் அடியில் கல்லோ ஓட்டுத் துண்டோ ஒரு படை போடும் பழக்கம் எல்லா வீட்டிலும் உண்டு. என் அம்மாவும் போடுவார், நானும் நெடுநாள் போட்டேன். அது உதவாது, கெடுதல்தான். பாத்திரம் கழுவும் ஸ்பொஞ்ச் ஒன்றை நன்றாக நனைத்துக் கையில் படுக்கையாகப் பிடியுங்கள். சொட்டு நின்றதும் அதையே நிமிர்த்திப் பிடியுங்கள், மறுபடி தண்ணீர் வடியும். ஸ்பொஞ்ச் அதேதான், உயரம் மட்டும்தான் மாறியது. சாடி மண்ணும் அப்படித்தான். எந்தச் சாடியிலும் அடியில் சில விரல் உயரத்துக்கு மண் ஈரம் நிறைந்தே நிற்கும், பொடி மண்ணில் இருந்து பெரிய கல்லுக்குள் தண்ணீர் லேசில் இறங்காது. கல்லைப் போட்டால் அந்தச் சேறு இன்னும் மேலே ஏறி வேருக்குப் பக்கத்தில் வந்துவிடும். ஓட்டையில் மண் போகாமல் இருக்க ஒரு துண்டு வலையோ ஒரு ஓட்டுச் சில்லோ போதும். தட்டையான அகலச் சாடியைவிட உயரமான சாடி உங்கள் ஊருக்கு நல்லது. அதே காரணத்துக்காகச் சின்னச் செடியைப் பெரிய சாடியில் நடவேண்டாம். வேர் எட்டாத மண் ஈரமாகவே கிடந்து புளிக்கும்.

எந்தச் சாடி என்று அதிகம் யோசிக்காதீர்கள். பழைய பெயின்ட் வாளி அருமையான சாடி. சூடேற்றிய கம்பியால் அடியில் எட்டுப் பத்து ஓட்டை, அடியில் இருந்து ஒரு அங்குல உயரத்தில் பக்கத்திலும் நாலைந்து ஓட்டை போடுங்கள். மண் சட்டி சுவர் வழியாகவும் ஈரத்தை வெளியே விடும், ஆகவே டிக்கோயாவுக்கு நல்லது, பண்டாரவளைக் காற்றில் அதுவே தொல்லை. பால்மா பேணி வருடச் செடிக்குச் சரி, பல்லாண்டுச் செடிக்குச் சரிவராது, துருப்பிடித்து இரண்டு மழைக்குள் அடி விட்டுப்போகும். புதுச் சீமெந்துச் சாடி என்றால் நடுவதற்கு முன் இரண்டு வாரம் தண்ணீர் நிரப்பி, இரண்டு நாளைக்கு ஒருமுறை மாற்றுங்கள். சுண்ணாம்பு கசியும். நம் மலைப் பூக்களில் பாதிக்குச் சுண்ணாம்பு ஆகாது.

மண் கலவைக்கு நான் சொல்வது: ஒரு பங்கு மேல்மண், ஒரு பங்கு கூட்டெரு, ஒரு பங்கு தும்புத்தூள், ஒரு பங்கு ஆற்று மணலும் உமிக்கரியும் கலந்தது. தேயிலை மலையின் சிவப்பு மண்ணை மட்டும் அள்ளிச் சாடியில் போட்டால் மழையில் பிசைந்த மாவு மாதிரி இறுகும், வெயிலில் சாடிச் சுவரை விட்டு விலகிவிடும், ஊற்றும் தண்ணீர் அந்தப் பிளவு வழியே கீழே ஓடும். தும்புத்தூளை வாங்கியதும் ஒரு வாளித் தண்ணீரில் ஊறவைத்து இரண்டு மூன்று தடவை பிழிந்துவிடுங்கள், கரையோரத்தில் இருந்து வருவதில் உப்பு இருக்கும். உமிக்கரி கிடைக்காவிட்டால் அடுப்புக் கரியைச் சின்னச் சில்லாக உடைத்துப் போடலாம். சாம்பலைப் போடாதீர்கள், அது வேறு, மண்ணின் புளிப்பை, அதாவது அமிலத் தன்மையை, குறைத்துவிடும்.

2021 இல் இரசாயனப் பசளை இறக்குமதியை நிறுத்தியபோது எங்கள் பக்கத்தில் எல்லோர் வீட்டுக்குப் பின்னாலும் ஒரு கூட்டெருக் குழி வந்தது. பசளை மறுபடி வந்ததும் பலர் மூடிவிட்டார்கள். நான் மூடவில்லை. அந்தக் குழியில் தேத்தண்ணிச் சக்கையும் போகும். சக்கையை நேரே சாடியில் கொட்டாதீர்கள், பூஞ்சணம் பிடிக்கும், சீனி போட்ட பால் தேத்தண்ணிச் சக்கை என்றால் எறும்புக் குடும்பமே குடிவரும்.

இப்போது செடிகள். நீங்கள் வாங்கிய மூன்றில் ஹைட்ரேஞ்சியாவை நான் முதலில் வைப்பேன். ஜப்பான் பக்கத்துச் செடி, ஆனால் துரை பங்களா வேலியில் நூறு வருடமாக நம்மோடு இருப்பது போல் நிற்கிறது. லயத்து வாசல்களில் இருக்கும் பழைய ஹைட்ரேஞ்சியா பலதும் பங்களாத் தோட்டக்காரர் வெட்டிப்போட்ட கிளையில் இருந்து வந்ததுதான். நம் மண் இயல்பாகவே புளிப்பு மண். புளிப்பு மண்ணில் அலுமினியம் கரைந்து செடிக்குக் கிடைக்கும், அதனால்தான் இங்கே வேலியோரத்துப் பூ நீலமாக இருக்கிறது. மண்ணின் புளிப்பைக் காட்டும் பீ.எச். அளவு (குறையக் குறையப் புளிப்புக் கூட) 5.5 க்குக் கீழே நீலம், 6.5 க்கு மேலே இளஞ்சிவப்பு, நடுவில் ஊதா. சீமெந்துச் சாடியில் வைத்த நீலச் செடி அடுத்த வருடம் இளஞ்சிவப்பாகப் பூத்தால் யாரும் மாற்றிவைத்துவிடவில்லை, சாடியின் சுண்ணாம்பு செய்த வேலை. தேயிலைக்குப் போடும் டொலமைட் என்ற சுண்ணாம்புத் தூள் கொஞ்சம் சிந்தினாலும் அதே கதைதான். நீலம் வேண்டுமென்றால் மொட்டு வரும் முன், ஐந்து லீற்றர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி சீனக்காரம் கரைத்து இரண்டு வாரத்துக்கு ஒருதடவை ஈர மண்ணில் ஊற்றலாம். வெள்ளைப் பூ எதைச் செய்தாலும் வெள்ளைதான்.

ஹைட்ரேஞ்சியா பூக்கவில்லை என்பவர்களில் முக்கால்வாசிப் பேர் தவறான நேரத்தில் வெட்டியவர்கள். நம் வீடுகளில் இருக்கும் பெரிய இலை வகை போன பருவத்துத் தண்டின் நுனியில்தான் அடுத்த பூவின் மொட்டைக் கட்டும். பூ வாடினதும் உடனே, அந்தப் பூவுக்குக் கீழே இரண்டு கணு விட்டு வெட்டுங்கள். சோம்பலில் மூன்று நாலு மாதம் விட்டு, பிறகு ஒருநாள் கத்தியோடு போனால் மொட்டைத்தான் வெட்டுவீர்கள். தேயிலைக் கவ்வாத்து மாதிரி அடியோடு வெட்டுகிற கை நம்மில் பலருக்கு உண்டு, அந்தக் கையை இந்தச் செடியிடம் காட்டக்கூடாது. மொட்டுக் கட்ட இதற்குச் சில வாரம் குளிர்ந்த இரவும் வேண்டும். கண்டியில் 500 மீற்றரில் வைத்துவிட்டு நுவரெலியாவின் 1,868 மீற்றரில் பூக்கிற மாதிரிப் பூக்கவில்லை என்று கோபப்படுவதில் பயனில்லை. டிக்கோயாவில் நன்றாகப் பூக்கும். ஒரு அடி அகலச் சாடியாவது வேண்டும். காலை வெயில், மத்தியானம் நிழல்.

ஜெரேனியம் இதற்கு நேர் எதிர். தென்னாபிரிக்காவின் வறண்ட பக்கத்தில் இருந்து வந்தது. டிக்கோயா ஜூன் மழையில் இதை வெளியே விட்டால் தண்டு அடியில் இருந்து கறுத்துக்கொண்டு மேலே ஏறும். மே மாதம் முதல் மழைக்கே கூரைக்குக் கீழே, காற்றும் வெளிச்சமும் படுகிற இடத்துக்கு எடுத்துவிடுங்கள், ஜன்னல் ஓரம் என்றாலும் சரி. மேல்மண் ஒரு அங்குலம் காய்ந்த பிறகுதான் தண்ணீர். இரண்டு மூன்று வருடத்தில் தண்டு மரம் மாதிரியாகி அழகு போய்விடும், அதைப் பிடித்துக்கொண்டு அழவேண்டாம். ஒவ்வொரு பெப்ரவரியிலும் நாலு அங்குலத் துண்டு நாலைந்து வெட்டி, வெட்டுவாய் உலர ஒரு நாள் நிழலில் போட்டு, மணல் கலவையில் குத்திவிடுங்கள். என்னிடம் இருக்கும் சிவப்பு ஜெரேனியம் முப்பது வருடச் செடி என்று சொல்வேன். சாடியில் நிற்பது போன வருடத்துத் துண்டு.

ஃபியூசியா குளிர்காரி. வெயில் ஏறி 27, 28 பாகை தாண்டினால் பூவை உதிர்த்துவிடும். தொங்கும் சாடியில், கூரை நிழலில், காற்று அடிக்காத பக்கம். இது புதுத் தளிரில் பூக்கும், ஆகவே ஹைட்ரேஞ்சியாவுக்குச் சொன்ன பயமெல்லாம் இங்கே வேண்டாம், பூ ஓய்ந்ததும் பாதிக்கு மேல் வெட்டலாம். தளிரின் நுனியைக் கொழுந்து கிள்ளுகிற மாதிரி இரண்டு தடவை கிள்ளிவிட்டால் புதராகும்.

இந்த மூன்றும் போக, உங்கள் ஊருக்கென்றே செய்தது போல் ஒரு செடி இருக்கிறது: கல்லா லில்லி. ஆரம் லில்லி என்றும் சொல்வார்கள், தண்ணீர் ஓடும் காண் ஓரத்தில் வெள்ளையாகப் புனல் மாதிரிப் பூத்து நிற்குமே, அதுதான். மற்றச் செடிகளை எந்த மழை கொல்கிறதோ அந்த மழையில் இது கொழிக்கும். கூரைத் தண்ணீர் விழுகிற கோட்டில் எந்தச் சாடியும் வைக்கக்கூடாது என்றேன், இதை வைக்கலாம். முள்ளம்பன்றி தோண்டாத இடமாகப் பாருங்கள், கிழங்கு என்றால் அதற்கு உயிர். இலையும் தண்டும் வாயில் பட்டால் எரியும், வீட்டில் கைக்குழந்தை இருந்தால் உயரத்தில் வையுங்கள்.

அகபாந்தஸ் என்று ஒரு நீலக் குடைப் பூ, பங்களாப் பாதை இரண்டு பக்கமும் வரிசையாக இருக்கும். இதற்குச் சாடி இறுகினால்தான் சந்தோஷம். தாராளமாக இடம் கொடுத்தால் இலைதான் வரும், வேர் நெருங்கினால் பூக்கும். நாலைந்து வருடத்துக்கு ஒருமுறை பிரித்தால் போதும். எனக்கு ஒன்று பெயின்ட் வாளியையே வெடிக்க வைத்தது, கத்தியால் வாளியைக் கிழித்துத்தான் வெளியே எடுத்தேன். அதில் ஆறு செடி கிடைத்தது. முழு வெயில் வேண்டும்.

செவ்வந்தியைப் பற்றி ஒரு கதை. வாசல் விளக்குக்குக் கீழே வைத்த ஒரு செவ்வந்தி ஒரு வருடம் முழுக்க இரண்டு அடி வளர்ந்ததே தவிர ஒரு மொட்டு இல்லை. அதே தாயின் இன்னொரு கன்று வீட்டுக்குப் பின்னால் இருட்டில் பூத்துக் கொட்டியது. செவ்வந்தி இரவின் நீளத்தை எண்ணுகிற செடி. நீண்ட இருட்டு இருந்தால்தான் மொட்டுக் கட்டும். நம் நாட்டில் பகல் வருடம் முழுக்கப் பன்னிரண்டு மணித்தியாலத்துக்கு அரை மணித்தியாலம் கூடக்குறையத்தான், ஆகவே இங்கே அதற்கு எப்போதும் பூக்கும் காலம். என் வாசல் விளக்கு அந்த இருட்டைக் கெடுத்துவிட்டது. விற்பனைக்கு வளர்ப்பவர்கள் கூடாரத்துக்குள் இரவில் விளக்குப் போடுவதும் இதற்குத்தான்: தண்டு நீளும்வரை பூக்க விடாமல் வைத்திருந்து, பிறகு விளக்கை நிறுத்துவார்கள். நீங்கள் சாடியை விளக்கில் இருந்து தள்ளி வைத்தால் போதும். பூ முடிந்ததும் மூன்று அங்குலம் விட்டு வெட்டுங்கள், பக்கத்தில் கன்று வெடிக்கும். அந்தக் கன்றைப் பிரித்து நடுங்கள், பழைய தாயைக் கூட்டெருக் குழிக்கு அனுப்புங்கள்.

பிகோனியாவை நிழலான வாசலுக்கு யாருக்கும் தயங்காமல் சொல்வேன். இலை நனையாமல் அடியில் தண்ணீர் ஊற்றுங்கள், அவ்வளவுதான். ஜெர்பராவின் குருத்து மண்ணுக்கு மேலே தெரியவேண்டும், புதைந்தால் அழுகும். அசேலியாவும் கமேலியாவும் மெதுவாக வளரும், ஆனால் நம் மண்ணுக்குப் பிறந்தவை. கமேலியா தேயிலையின் சொந்த இனம், தேயிலைச் செடியின் தாவரப் பெயரே கமேலியா சினென்சிஸ்தான். புளிப்பு மண்ணும் மழைத் தண்ணீரும் போதும், சுண்ணாம்பைக் கிட்டே கொண்டுபோகாதீர்கள். ஓர்கிட்டில் சிம்பிடியம் நுவரெலியாக் குளிருக்கு, டென்ட்ரோபியம் கண்டி, கம்பளைச் சூட்டுக்கு. மாற்றி வைத்தால் இலை இருக்கும், பூ இருக்காது. அந்தூரியமும் கண்டிப் பக்கத்துப் பிள்ளைதான். ரோஜாவைப் பற்றி இங்கே எழுதமாட்டேன். மழைக்கால ரோஜா இலையில் விழும் கரும்புள்ளிக்கே தனியாக ஒரு பதில் வேண்டும்.

இனி, வருடக்கணக்கில் நிற்பதற்கு உண்மையில் என்ன தேவை என்பதைச் சொல்லிவிடுகிறேன். பல்லாண்டுச் செடி என்று சொல்வது நிலத்தில் நிற்கும் செடியை வைத்து. நிலத்தில் வேர் தனக்கு வேண்டியதைத் தேடிப் போகும். சாடியில் போக இடமில்லை, சுவரோடு சுற்றிச் சுற்றிக் கயிறு மாதிரி ஆகிவிடும். தும்புத்தூளும் கூட்டெருவும் இரண்டு வருடத்தில் மக்கிப் பொடியாகி அமுங்கும், காற்றுப் போகும் வழி அடைபடும். முதல் வருடம் மழையைத் தாங்கிய அதே சாடி மூன்றாம் வருடம் தாங்காமல் போவது இதனால்தான்.

அதனால் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, மழை ஓய்ந்த செப்டெம்பரில், செடியைச் சாடியோடு கவிழ்த்து வெளியே எடுங்கள். சுற்றி இருக்கும் வேரை ஒரு அங்குலம் கத்தியால் சீவுங்கள், அடியில் இரண்டு அங்குலம். பயப்படவேண்டாம், ஆரோக்கியமான வேர் வெள்ளையாக இருக்கும், இதைத் தாங்கும். பழுப்பாக, உருவினால் தோல் கழன்று வருவதெல்லாம் செத்த வேர், முழுக்க எடுத்துவிடுங்கள். புதுக் கலவை நிரப்பி அதே சாடியில் வையுங்கள், இரண்டு வாரம் நிழல். பெரிய சாடிக்கு மாற்றிக்கொண்டே போனால் கடைசியில் உங்களால் தூக்க முடியாது. இடைப்பட்ட வருடத்தில் மேல்மண் இரண்டு அங்குலம் சுரண்டிவிட்டுக் கூட்டெரு போட்டால் போதும். அகபாந்தஸ் மட்டும் இந்தக் கணக்கில் சேராது. பூப்பதற்குக் கொஞ்சம் முந்திய செடிக்கும் கத்தி வைக்காதீர்கள்.

பசளை விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. தேயிலைக்கு வாங்கியதில் மிச்சம் இருக்கிறது என்று அதைப் பூச்சாடியில் போடாதீர்கள். அது கொழுந்துக்காகக் கலந்தது, நைதரசன் தூக்கலாக இருக்கும். போட்டால் இலை கரும்பச்சையாகக் கொழிக்கும், பூவை மட்டும் தேடவேண்டும். அல்பேர்ட் கலவை என்ற, தண்ணீரில் கரைத்து ஊற்றும் பசளை கடைகளில் கிடைக்கிறது. பொதியில் அச்சடித்திருக்கும் அளவில் பாதி, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, மண் ஈரமாக இருக்கும்போது. அடைமழை மாதங்களில் வேண்டாம், கழுவிக்கொண்டு போகும்.

துண்டு போட்டுப் பதியம் எடுப்பதை நம் ஆட்களுக்குச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. ஒரு இலையும் ஒரு கணுவும் கொண்ட துண்டைச் சின்னப் பொலித்தீன் பையில் குத்தி, மானாப்புல் நிழலில் மாதக்கணக்காகக் காத்துத் தேயிலைக் கன்றாக்கிக் கொடுத்த பெண்கள் உங்கள் தோட்டத்திலேயே இருப்பார்கள். அதே கைவேலைதான் ஹைட்ரேஞ்சியாவுக்கும் ஃபியூசியாவுக்கும். பூ இல்லாத தண்டில் இரண்டு கணு இருக்கும்படி வெட்டி, பெரிய இலையைப் பாதியாக நறுக்கி, நிழலில் ஈரமாக வைத்தால் ஒரு மாதத்தில் வேர் வரும். ஏப்ரலில் இப்படி நாலு துண்டு போட்டு உள்ளே வைத்திருந்தால், மழையில் தாய் போனாலும் பிள்ளை இருக்கும்.

பூச்சியில் நத்தைதான் உங்கள் ஊர் எதிரி. இரவு எட்டு மணிக்கு டோர்ச்சோடு போய்ப் பொறுக்குவதைவிட நல்ல மருந்து எனக்குத் தெரிந்து இல்லை. மாவுப்பூச்சிக்குச் சவர்க்காரத் தண்ணீர். இலையில், பூவில் சாம்பல் நிறப் பங்கசு வந்தால் மருந்து தேடுவதற்கு முன் சாடிகளுக்கு நடுவில் ஒரு சாண் இடைவெளி விடுங்கள். காய்ந்த பூவை செடியிலேயே விடாதீர்கள், அது அங்கிருந்துதான் தொடங்கும். நுவரெலியாவில் இருப்பவர்கள் ஜனவரி, பெப்ரவரியில் வானம் தெளிந்த இரவுகளில் சாடிகளைச் சுவரோரம் கூரைக்குக் கீழே தள்ளி, ஒரு சாக்கைப் போர்த்திவிடுங்கள். தேயிலையையே கருக்கும் உறைபனி ஃபியூசியாவை விடாது. டிக்கோயாவில் அந்தப் பயம் குறைவு.

வசதி கிடைத்தால் ஒருதடவை ஹக்கல பூங்காவுக்குப் போய் வாருங்கள், சீசன் கூட்டம் இல்லாத ஒரு நாளில். 1861 இல் சிங்கோனா வளர்த்துப் பார்க்கத் தொடங்கிய இடம், இன்று இந்தச் செடிகளில் பலதும் அங்கே நிலத்தில் முழு அளவில் நிற்கின்றன. எது எவ்வளவு நிழலில் நிற்கிறது என்று மட்டும் பார்த்து வந்தாலே உங்கள் வாசலில் எதை எங்கே வைப்பது என்று தெரிந்துவிடும்.

கடைசியாக, இந்த வருடம் செத்துப்போனது என்று நீங்கள் ஒதுக்கிவைத்த ஹைட்ரேஞ்சியாச் சாடியை இன்னும் கொட்டவில்லை என்றால், கொட்டாதீர்கள். அடித்தண்டை நகத்தால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். தோலுக்குக் கீழே பச்சை தெரிந்தால் செடி உயிரோடு இருக்கிறது. வெளியே எடுத்து, அழுகிய வேரை நீக்கி, புதுக் கலவையில், முன்பிருந்ததைவிடச் சின்னச் சாடியில் நட்டு, கூரைக்குக் கீழே செங்கல் மேல் வையுங்கள். ஆறேழு வாரத்தில் அடியில் இருந்து ஒரு தளிர் வரும். வந்ததும் எனக்கு ஒரு படம் அனுப்புங்கள், எந்தக் கணுவில் வெட்டுவது என்று சொல்கிறேன்.